செயலாளர் ஆண்டறிக்கை: பேசாத நண்பர்களைப் பட்டியலிலிருந்து எப்போது எடுப்பது

தலைவருக்கும், பொருளாளர் அக்காவுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், இன்று நேரில் வந்திருக்கிறவர்களுக்கும், வராமல் நாளைக்கு வாட்ஸ்அப்பில் இதை மேலோட்டமாகப் படிக்கப் போகிறவர்களுக்கும் வணக்கம்.

முதலில் கடமைக்குச் சொல்ல வேண்டியவை. நிர்வாகக் குழு 11 தடவை கூடியது. 12-ஆவது கூட்டத்துக்கு அழைப்பு அனுப்ப நானே மறந்துவிட்டேன், மன்னிக்கவும். ஞாயிறு நடை ஒரு வாரம்கூடத் தவறவில்லை. மழை பெய்த இரண்டு வாரம் வந்தது நான்கே பேர், ஆனாலும் நடந்தோம். வரவு செலவை அக்கா தனியாக வாசிப்பார். சரி, இந்த ஆண்டு நம்மை அதிகம் சண்டை போட வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

நம் நடைச் செயலியின் குழுவில் ஆண்டு தொடக்கத்தில் 86 பேர் இருந்தோம். வாரக் கடைசியில் பட்டியலை இறக்கினால் கீழ்ப்பாதியில் சுழியம் சுழியமாக வரிசை கட்டி நிற்கும். ஏறக்குறைய 30 பேர். மாதக்கணக்கில் ஒரு படிகூடப் பதிவாகவில்லை, யாருக்கும் ஒரு லைக் இல்லை, செய்தி அனுப்பினாலும் பதில் இல்லை. இளையவர்கள் இவற்றுக்கு ‘உயிரில்லாத கணக்கு’ என்று பெயர் வைத்து, உடனே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். மூத்தவர்கள், ‘இருந்துவிட்டுப் போகட்டுமே, இடத்தையா அடைக்கிறார்கள்?’ என்றார்கள்.

அடைக்கத்தான் செய்கிறார்கள். குழுச் சவாலில் நாம் பார்ப்பது தலைக்கு எத்தனை படி என்கிற சராசரியை. 86 பேரில் 30 பேர் சுழியம் என்றால், மீதி 56 பேரும் ஆளுக்கு 8,000 படி நடந்தாலும் சராசரி 5,200-ஐ ஒட்டித்தான் வரும். மாலையில் வேலை முடிந்து வந்து கூடுதலாக ஒரு சுற்றுப் போகிறவருக்கு இதைப் பார்த்தால் எரிச்சல் வராதா? அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. புதிதாகச் சேர்ந்த ஒருவர் பட்டியலில் இருந்த பத்துப் பேருக்கு நட்பு அழைப்பு அனுப்பியிருக்கிறார். அவருடைய நேரம், அதில் எட்டுப் பேர் இந்த மௌன சாமிகள். ‘இங்கே யாரும் புது ஆளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் போல’ என்று அவர் வெளியே போகப் பார்த்தார். நல்லவேளை, போகும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார்.

அதனால் அவசர அவசரமாக ஒரு விதி போட்டோம். 30 நாள் பதிவு இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவது. ஏன் 30 என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்னிடம் பதிலும் இல்லை. நாம் தினமும் துரத்துகிற 10,000 படியும் இந்த மாதிரி வந்த எண்தான். 1965-இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் விற்ற படிமானியின், அதாவது படி எண்ணும் கருவியின், பெயரிலேயே அந்த எண் இருந்தது, சொல்வதற்கு வசதியாக இருந்ததால் ஒட்டிக்கொண்டது. 30 நாளை ஆதரிக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன், கிடைத்ததோ நேர் எதிர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லேலியும் அவருடன் இருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆகும் என்றும், ஆளைப் பொறுத்து அது 18 முதல் 254 நாள் வரை போகலாம் என்றும் கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போவதில்லை என்பதும் அதிலேயே இருந்தது. பழக்கம் ஒட்டவே இரண்டு மாதம் ஆகிறவரை ஒரு மாதத்தில் வெளியே தள்ளுவதில் என்ன நியாயம்?

இதையெல்லாம் படிப்பதற்குள் நான் ஒரு தப்பைச் செய்துவிட்டேன். 30 நாள் விதிப்படி முதல் தவணையில் ஏழு பேரை எடுத்தேன். அடுத்த ஞாயிறு நடையில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் வந்து, ‘என்ன தம்பி, நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்’ என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படி எண்ணுகிற பழைய கைக்கடிகாரம் பழுதாகி வேறு கம்பெனிக் கடிகாரம் வாங்கியிருக்கிறார், அதை நம் செயலியோடு இணைக்கத் தெரியவில்லை, யாரிடமும் கேட்கக் கூச்சம். தினமும் ஒரு மணி நேரம் நடந்துகொண்டுதான் இருந்தார். ஞாயிறுதோறும் அவரோடு பேசிக்கொண்டே நடந்த எனக்கு, பட்டியலில் அவர் பெயருக்கு நேரே இருந்த சுழியம் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது. இணைத்துக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு சில வாரம் அவர் என்னைவிட்டுத் தள்ளியே நடந்தார், அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆக, எல்லா மௌனமும் ஒன்றில்லை. கடிகாரம் மாறியிருக்கலாம், போன் மாறியிருக்கலாம், கடவுச்சொல் மறந்திருக்கலாம். செயலியே மாறியிருக்கலாம். படி எண்ணும் கடிகாரங்களுக்கான ஃபிட்பிட் செயலி 2023 மார்ச் 27-இல் சவால்களையும் திறந்த குழுக்களையும் நிறுத்தியது. சவாலுக்காகவே அதைத் திறந்துகொண்டிருந்த ஒருவர் அதன்பின் எதற்குத் திறப்பார்? இன்னும் சிலர் பதிவே போட மாட்டார்கள், ஆனால் மற்றவர்களின் பதிவுகளை ஒன்றுவிடாமல் பார்ப்பார்கள், எப்போதாவது ஒரு லைக் விழும். இவர்களை நான் மௌனக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

குறைவாக நடக்கிறவர்களையும் சேர்த்து எடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்ததல்லவா, அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். 2017-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் சினான் ஆரலும் கிறிஸ்டோஸ் நிக்கொலைடிஸும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏறத்தாழ 11 லட்சம் ஓட்டக்காரர்களின் ஐந்தாண்டுப் பதிவுகளைப் பார்த்ததில், ஓட்டம் நண்பர்களிடையே தொற்றுகிறது என்று தெரிந்தது. யாரிடமிருந்து யாருக்கு என்பதுதான் வேடிக்கை. குறைவாக ஓடுகிறவர்கள் அதிகம் ஓடுகிறவர்களைத் தூண்டுகிறார்கள், மறுபக்கமாக அது நடக்கவில்லை. பின்னால் ஒருவர் நெருங்கி வருகிறார் என்றால் முன்னால் போகிறவர் வேகம் கூட்டுகிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நம் முதல் பத்து இடத்துக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். ஆனால் 2,000 படி நடக்கிறவருக்குப் பொருந்துகிற இந்த நியாயம், ஆறு மாதமாகச் சுழியத்தில் இருக்கிற கணக்குக்குப் பொருந்தாது. அங்கே ஓட ஆளே இல்லை.

அப்புறம்தான் செய்ய வேண்டியதைச் செய்தோம், அதாவது கேட்டோம். சுழியத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரே செய்தி: ‘சவால் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கட்டுமா, இப்போதைக்கு எடுத்துவைக்கட்டுமா? எதுவென்றாலும் சரி, எப்போது வேண்டுமானாலும் திரும்பச் சேரலாம்.’ ஏன் நடக்கவில்லை என்று கேட்கவே கூடாது என்பதில் அக்கா கறாராக இருந்தார், அது எவ்வளவு சரி என்று பிறகுதான் புரிந்தது. பாதிக்கு மேல் இரண்டே நாளில் பதில் வந்தது. அதில் பலர் ‘எடுத்துவிடுங்கள்’ என்றார்கள், கோபமாக இல்லை, ஏதோ பாரம் இறங்கினாற்போல. ஒருவர் எழுதியதை அவர் அனுமதியோடு சொல்கிறேன்: ஞாயிறுதோறும் பெயருக்கு நேரே சுழியத்தைப் பார்க்க வெட்கமாக இருந்ததால் செயலியைத் திறப்பதையே விட்டுவிட்டாராம், தானாக வெளியேறினால் நாம் தப்பாக நினைப்போமோ என்று அதையும் செய்யவில்லையாம். நாம் இத்தனை நாள் விட்டுவைத்ததைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அவருக்கு அது வாராவாரம் குத்திக்கொண்டிருந்திருக்கிறது. பெயரை எடுத்த பிறகு அவர் ஞாயிறு நடைக்கு வர ஆரம்பித்திருக்கிறார். செயலியில் திரும்பச் சேரவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது நடைமுறையில் இருப்பது இதுதான். மூன்று மாதம் எந்த அசைவும் இல்லையென்றால் ஒரு செய்தி. இரண்டு வாரம் கழித்து இன்னொன்று, வேறு வழியில், ஏனென்றால் செயலிக்குள் அனுப்புகிற செய்தியைச் செயலியைத் திறக்காதவர் எப்படிப் பார்ப்பார்? அதற்கும் பதில் இல்லையென்றால் அவரை நேரில் தெரிந்த ஒருவர் போனில் கூப்பிட வேண்டும். அதன் பிறகே சவால் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படும், வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுக்கப்படாது. உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம் என்று தெரிந்தால் நாள் கணக்கே கிடையாது. போன ஆண்டு காலமான நம் உறுப்பினரின் பெயரைச் சராசரிக் கணக்கிலிருந்து மட்டும் விலக்கினோம், பட்டியலில் அது அப்படியே இருக்கிறது. அதற்கெல்லாம் விதி எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். யாருக்குமே தெரியாத, படமில்லாத, யார் சேர்த்தது என்றும் தெரியாத கணக்குகள் நான்கு இருந்தன. அவற்றுக்கு ஒரே செய்தி அனுப்பி, ஒரு வாரத்தில் எடுத்துவிட்டோம். நாம் எந்தத் தெருவில் தொடங்கி எத்தனை மணிக்கு எங்கே திரும்புகிறோம் என்பது நண்பர் பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஸ்ட்ராவா என்பது ஓட்டத்தையும் நடையையும் பதிவுசெய்கிற ஒரு செயலி. 2018 ஜனவரியில், எல்லோருடைய தடங்களையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் அதன் உலக வெப்ப வரைபடத்தில் படை வீரர்கள் ஓடிய தடங்களிலிருந்து ராணுவ முகாம்களின் அமைப்பே தெரிந்துபோனது. அதில் ஆள் பெயர்கூட இல்லை. நம் தடமோ பெயரோடு இருக்கிறது. ஸ்ட்ராவா வைத்திருக்கிறவர்கள் தொடங்கும் இடத்தையும் முடிக்கும் இடத்தையும் மறைக்கிற வசதியைத் தயவுசெய்து போட்டுக்கொள்ளுங்கள், தெரியாவிட்டால் கூட்டம் முடிந்து என்னிடம் வாருங்கள்.

உங்கள் சொந்த நண்பர் பட்டியலில் சங்கம் தலையிடாது. என் அனுபவம் ஒன்று மட்டும். என் பழைய அலுவலக நண்பர் ஒருவரின் பதிவுகள் கண்ணில் படவே இல்லையே, நடையை விட்டுவிட்டார் போல என்று பாவப்பட்டுக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தால் அவர் என்னை எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. இந்த மாதிரிச் செயலிகளில் நீக்கினால் பெரும்பாலும் தகவல் வராது. அவருடைய முதல் அரை மாரத்தானுக்கு எல்லோரும் வாழ்த்தியிருந்தார்கள், நான் ஒரு லைக்கூடப் போட்டிருக்கவில்லை. ஊருக்கெல்லாம் கேட்டு எழுதிய நான் அவருடைய பட்டியலில் உயிரில்லாத கணக்கு. திரும்ப அழைப்பு அனுப்பியிருக்கிறேன், இதை எழுதும் வரை பதில் இல்லை. மூன்று மாதம் பார்ப்பேன்.

இன்றைய நிலவரம்: சவால் பட்டியலில் 61 பேர். 19 பேர் கேட்டுக்கொண்டதால் எடுக்கப்பட்டார்கள், இரண்டு பேருக்கு எல்லா வழியிலும் முயன்று பதில் இல்லாததால் எடுத்தோம், தெரியாத கணக்குகள் நான்கு. 30 நாள் விதியை முறைப்படி ரத்து செய்து மேலே சொன்னதை ஏற்கும் தீர்மானம் உங்கள் முன் இருக்கிறது. போன் செய்து பேச இரண்டு பேர் வேண்டும், எனக்குக் குரல் கடுமை என்று வீட்டிலும் சொல்கிறார்கள். கேள்வி இருந்தால் இப்போதே கேளுங்கள், இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்