கொழும்பிலை ஸ்கானர் ரேடியோ வைச்சு ரெயில்வே ஆக்கள் வோக்கியிலை கதைக்கிற சனலைக் கேக்கிற தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

தம்பிமார்,

நானும் ரேடியோ ஆள்தான், அதை முதல்லையே சொல்லிப்போடுறன். வெள்ளவத்தையிலை கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒண்டிலை இருக்கிறன், பல்கணியிலை ரெண்டு அன்ரனா நிக்குது, இரவிலை நித்திரை வராட்டி லப்டொப்பைத் திறந்து வோட்டர்போலை, அதுதான் ரேடியோ அலையைத் திரையிலை வரைஞ்சு காட்டுற படத்தை, பாத்துக்கொண்டு இருக்கிற ஆள். அதாலை உங்களுக்கு இதிலை என்ன ருசி எண்டு எனக்கு நல்லாத் தெரியும். வெறும் இரைச்சலுக்குள்ளை இருந்து திடீரெண்டு ஒரு மனிசக் குரல் வரேக்கை நெஞ்சுக்குள்ளை ஒண்டு துள்ளுமே, அது எனக்கு இண்டைக்கும் துள்ளுது.

ஆனா அண்டைக்கு எங்கட கீழ் வீட்டிலை நடந்ததை நீங்கள் அறிய வேணும்.

கீழ் வீட்டு ஐயாவுக்கு எழுபத்தொரு வயசு. பின்னேரம் அஞ்சு அஞ்சரைக்கு மரைன் டிரைவைத் தாண்டி, தண்டவாளத்தையும் தாண்டி கடல் பாக்கப் போவார், நாங்கள் எல்லாரும் போற மாதிரித்தான். அந்த இடத்திலை ரெண்டு பாதை இருக்கு எண்டு உங்களுக்குத் தெரியும். கல்கிசைப் பக்கம் போன ரெயின் கடந்து போகட்டும் எண்டு நிண்டவர், அது போன உடனை காலை வைச்சிட்டார், மற்றப் பாதையிலை கோட்டைக்குப் போற ரெயின் வந்தது அந்தச் சத்தத்திலை கேக்கேல்லை. பக்கவாட்டிலை அடிச்சு கல்லுக் குவியலிலை எறிஞ்சு போட்டுது. நாலு பேர் ஓடிப்போய்த் தூக்கினவை, 1990 இலக்கத்துக்கு அடிச்சா வாற அம்புலன்ஸ் வந்து ஏத்திக்கொண்டு போச்சுது. இடுப்பெலும்பு முறிஞ்சது, ஆனா ஆள் உயிரோடைதான்.

இதுக்கிடையிலை உங்களிலை ஒருத்தர் ரெயில்வே சனலிலை பிடிச்ச ஒரு வொய்ஸ் கிளிப்பை குறூப்பிலை போட்டிருக்கிறியள். பத்தொன்பது செக்கன், நான் பிறகு எத்தனையோ தரம் கேட்டனான். முதல் கொஞ்சம் இரைச்சல், பிறகு ஒரு ஆள் சிங்களத்திலை அவசரமா இடத்தைச் சொல்லுறார், "ஹெப்புனா" எண்டுறார், வயசான ஆள், வெள்ளைச் சேட், பிறவுண் பை எண்டுறார், அம்புலன்ஸ் கேக்கிறார், அவ்வளவுதான். அதுக்கு மேலை தமிழிலை ஒரு குரல்: "வெள்ளவத்தையிலை ரெயின் அடிச்சு ஒரு வயசான ஆள் செத்திட்டாராம், வெள்ளைச் சேட், பிறவுண் பை, ஆரெண்டு தெரிஞ்சா சொல்லுங்கோ."

ஹெப்புனா எண்டால் மோதுப்பட்டது, அடிபட்டது. செத்தது எண்டு அந்த மனிசன் சொல்லவே இல்லை. அம்புலன்ஸ் கேக்கிறார் எண்டால் ஆள் உயிரோடை இருக்கிறார் எண்டு விளங்கேல்லையா தம்பி? அந்த ஒரு சொல்லை நீங்கள் மாத்திச் சொன்னது குறூப்பிலை இருந்து குறூப்புக்குத் தாவி ரொறன்ரோவிலை இருக்கிற மகளின்ரை போனுக்குப் போயிட்டுது. அங்கை காலமை எட்டு மணி, பிள்ளை வேலைக்கு பஸ்ஸிலை போய்க்கொண்டு இருந்தவ. வெள்ளைச் சேட், பிறவுண் பை, வெள்ளவத்தை, அந்த நேரம், அவவுக்கு வேற ஆரை நினைக்கிறது? உடனை அம்மாவுக்கு கோல் எடுத்திருக்கிறா. அம்மாவுக்கு ஒண்டுமே தெரியாது, மனிசன் வருவார் எண்டு தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைச்சுக்கொண்டு நிண்டவ. போனிலை மகள் கத்துறா "அப்பா செத்திட்டார் எண்டு சொல்லுறாங்கள் அம்மா" எண்டு. நான் மேலை இருந்து சத்தம் கேட்டு ஓடி இறங்கினால், அன்ரி குசினி நிலத்திலை இருக்கிறா, கேத்தில் அடுப்பிலை கூவிக்கொண்டு நிக்குது. எந்த ஆஸ்பத்திரி எண்டு பிடிச்சு, ஐயா உயிரோடை எண்டு உறுதிப்படுத்த எங்களுக்கு ரெண்டு மணித்தியாலம் பிடிச்சுது. அந்த ரெண்டு மணித்தியாலமும் அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் இல்லை.

கிளிப் போட்ட தம்பி கெட்ட பிள்ளை எண்டு நான் சொல்ல வரேல்லை. ஆராவது அடையாளம் கண்டு உதவட்டும் எண்டு நினைச்சுத்தான் போட்டிருப்பீர். ஆனா தண்டவாளத்திலை விழுந்த ஆளைப் பற்றி வோக்கியிலை ஒருத்தர் கதைக்கிறது மற்ற முனையிலை இருக்கிற அவற்றை ஆளுக்கு, அடுத்து என்ன செய்யிறது எண்டு முடிவெடுக்க. அது செய்தி இல்லை. அரைவாசித் தகவல், பிழையான தகவல், பிறகு திருத்துற தகவல் எல்லாம் அதிலை வரும், அவைக்கு அது பிரச்சினை இல்லை, அடுத்த நிமிசம் திருத்தி விடுவினம். நீங்கள் வெட்டி அனுப்பின பத்தொன்பது செக்கனை ஆர் திருத்துறது?

சட்டத்தையும் தெரிஞ்சு வைச்சிருங்கோ. எங்கட நாட்டிலை 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க தொலைத்தொடர்புச் சட்டம் இருக்கு. பொதுவிலை எல்லாரும் கேக்கிறதுக்கு எண்டு அனுப்பாததை வேணுமெண்டே இடைமறிச்சு அறியிறது அதிலை குற்றம். "அமெரிக்காவிலை எல்லாரும் கேக்கினம்தானே" எண்டு குறூப்பிலை அடிக்கடி சொல்லுறியள். ஓம், அங்கை ரெயில் கொம்பனிகள் 160, 161 மெகாஹேர்ட்ஸ் பக்கம் திறந்தபடி கதைக்கினம், ரெயின் பைத்தியங்கள் தண்டவாளத்துக்குப் பக்கத்திலை கதிரை போட்டு இருந்து கேக்கினம், சட்டம் அதை விடுது. ஆனா நியூயோர்க், புளோரிடா மாதிரி சில மாநிலங்களிலை பொலிஸ் ஸ்கானரை வாகனத்துக்குள்ளை வைச்சிருக்கிறதுக்கே கட்டுப்பாடு இருக்கு. இங்கிலாந்திலை 2006 ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டப்படி உங்களுக்கு எண்டு அனுப்பாததைக் கேக்கிறதே குற்றம், அங்கத்தை ரெயில்வே பொலிஸ் இப்ப டெட்ரா எண்ட டிஜிற்றல் முறையிலை பூட்டுப் போட்டுக் கதைக்கினம், கேக்கப் போனாலும் ஒண்டும் கிடைக்காது. நாடு மாறினா சட்டம் மாறும், நாங்கள் இருக்கிறது இங்கை.

இன்னுமொண்டு, இது கொஞ்சம் கடுமையாச் சொல்லுவன். உங்களிலை சிலர் சீன வோக்கி ரோக்கி வாங்கி வைச்சிருக்கிறியள், அது கேக்கிறது மட்டும் இல்லை, பொத்தானை அமத்தினா அனுப்பவும் செய்யும். லைசென்ஸ் இல்லாமல் அனுப்புறது வேற குற்றம், அதை விடுங்கோ. 2023 ஓகஸ்ட் மாசம் போலந்திலை என்ன நடந்தது எண்டு தேடிப் பாருங்கோ. அங்கை ரெயினை அவசரமா நிப்பாட்டுறதுக்கு மூண்டு சத்தம் அடுத்தடுத்து அனுப்புற பழைய அனலொக் முறை இருந்தது, அதை ஆரோ வெளியிலை இருந்து அனுப்பி ஷெட்சின் பக்கம் இருபது ரெயின் அளவிலை நிண்டு போச்சுது. பெரிய கருவி ஒண்டும் தேவைப்படேல்லை. விளையாட்டுக்கு எண்டாலும் அந்தப் பொத்தானிலை விரலை வைக்காதேங்கோ, உங்கட கையைப் பிடிச்சுக் கேக்கிறன்.

ஒரு தகவல் நேரத்துக்குப் போய்ச் சேராட்டி என்ன ஆகும் எண்டதுக்கு நாங்கள் போலந்துக்குப் போகத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 கோட்டையிலை இருந்து மாத்தறைக்கு வெளிக்கிட்ட ரெயின். சுனாமி எண்டு அறிஞ்சு மருதானை கட்டுப்பாட்டு அறை கரையோரப் பாதையிலை ஓடிக்கொண்டிருந்த எட்டு ரெயினை நிப்பாட்டிப் போட்டுது. இந்த ஒண்டை மட்டும் பிடிக்க முடியேல்லை. அம்பலாங்கொடை ஸ்ரேசனுக்கு கோல் எடுத்தவை, அங்கை எல்லாரும் வந்து நிண்ட ரெயினோடை நிண்டதாலை போன் எடுக்க ஆள் இல்லை, எடுக்கேக்கை ரெயின் வெளிக்கிட்டிட்டுது. பெரலியவிலை சுனாமி அலை அந்த ரெயினை அடிச்சு ஆயிரத்துக்கு மேலை சனம் செத்தது. அந்தப் பாதைதான் எங்கட வீட்டு யன்னலுக்கு முன்னாலை போகுது. அந்தப் பாதையிலை கதைக்கிற சனல் எப்பவும் இடைஞ்சல் இல்லாமல் இருக்க வேணும்.

நான் இவ்வளவு சொல்லுறதாலை ரேடியோவையே தூக்கி எறியச் சொல்லுறன் எண்டு நினைக்காதேங்கோ. யாழ்ப்பாணத்திலை பற்றரிக்குத் தடை இருந்த காலம் நான் பெடியன். சைக்கிளைக் கவிட்டு வைச்சு, நான் பெடலைச் சுத்த அப்பா டைனமோவிலை இருந்து வயர் இழுத்து ரேடியோவிலை செய்தி கேட்டவர், நான் களைச்சுப்போய் மெதுவாச் சுத்தினா செய்தி வாசிக்கிறவற்றை குரலும் இறங்கும். பிறகு கொழும்புக்கு வந்து, 96 இலை தெஹிவளை ரெயின் குண்டுக்குப் பிறகு, எங்கட லொட்ஜிலை ஒருத்தன் ரேடியோவுக்கு யன்னலாலை கொடிக்கம்பி கட்டினதுக்குக் கொண்டுபோய் ரெண்டு நாள் விசாரிச்சவை. இப்ப நீங்கள் பல்கணியிலை அன்ரனா கட்டினா ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கிறேல்லை. அதைக் கெடுத்துப் போடாதேங்கோ. நாளைக்கு ஒரு கிளிப்பாலை பெரிய பிரச்சினை வந்தா, டொங்கிள், அதுதான் ரேடியோ கேக்க லப்டொப்பிலை செருகிற சின்னக் கருவி, வைச்சிருக்கிற எல்லாப் பெடியளின்ரை கதவும் தட்டுப்படும், தமிழ்ப் பெடியன் எண்டால் ரெண்டு தரம் தட்டுப்படும், இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேக்கிறதுக்கு எவ்வளவு கிடக்குது. 2012 இலை ரிவி பாக்கிற டொங்கிளை ரிசீவரா மாத்தலாம் எண்டு கண்டுபிடிச்சதிலை இருந்து, 24 இலை இருந்து 1766 மெகாஹேர்ட்ஸ் வரை உங்கட கையிலை. துறைமுகத்துக்கு வெளியிலை காத்து நிக்கிற கப்பல் எல்லாம் 161.975, 162.025 இலை தன்ரை பேரையும் இடத்தையும் தானாவே சொல்லிக்கொண்டு நிக்குது, கட்டுநாயக்காவுக்கு இறங்கிற பிளேன் 1090 இலை சொல்லுது. விண்வெளி நிலையம் எங்கட தலைக்கு மேலாலை போகேக்கை அதிலை இருக்கிற விண்வெளி வீரர் 145.800 இலை சில நேரம் பள்ளிக்கூடப் பிள்ளையளோடை கதைக்கினம். கேட்டது காணாது, கதைக்கவும் வேணும் எண்டால் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் சோதினை எடுங்கோ, 4S எண்டு தொடங்கிற கோல்சைன், அதுதான் ரேடியோவிலை உங்களை அடையாளம் காட்டுற இலக்கம், உங்கட சொந்தப் பேரிலை வரும், சுனாமி நேரம் போன் எல்லாம் செத்துக் கிடக்கேக்கை செய்தி கடத்தினவை அந்த ஆக்கள்தான். சோதினைக்குப் படிக்க ஆள் வேணும் எண்டால் ஞாயிற்றுக்கிழமையிலை எங்கட மொட்டை மாடிக்கு வாங்கோ, நான் சொல்லித் தாறன், காசு ஒண்டும் வேண்டாம்.

ரெயில்வே பாதுகாப்புச் சனலை விட்டிடுங்கோ. ஏற்கெனவே ரெக்கோட் பண்ணி வைச்சிருந்தா ஒருத்தருக்கும் அனுப்பாதேங்கோ, மொழிபெயர்த்துப் போடாதேங்கோ. ரெயின் லேட்டா எண்டு அறியத்தான் கேக்கிறம் எண்டு சிலபேர் சொல்லுவியள், ஸ்ரேசனுக்கு ஒரு கோல் எடுங்கோ, இல்லாட்டி பத்து நிமிசம் நிண்டு பாருங்கோ.

ஐயா இப்ப வோக்கர் பிடிச்சு விறாந்தை மட்டும் நடக்கிறார். மகள் லீவு எடுத்து வந்து நிக்கிறா. அந்தப் பத்தொன்பது செக்கன் இன்னும் சுத்திக்கொண்டு இருக்கு, போன கிழமை லண்டனிலை இருந்து ஒரு சொந்தக்காரர் செத்தவீட்டுக்கு எடுக்கிற மாதிரி அன்ரிக்கு கோல் எடுத்தவர். உங்கட போனிலை அது இருந்தா இண்டைக்கே அழியுங்கோ, ஆருக்கு அனுப்பினீங்களோ அவைக்கும் ஆள் உயிரோடை இருக்கிறார் எண்டு ஒரு மெசேஜ் போடுங்கோ.

வெள்ளவத்தையிலை இருந்து,
உங்கட ஒரு அண்ணை