புற்றை எண்ணு, விழுந்த மரத்தை அள

மதுரை,
புரட்டாசி 22

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஐப்பசி மழையில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அழகர்மலை அடிவாரத்திலும் காசம்பட்டிக் கோயில்காட்டிலும் அரிய காளான் தேடப் போகிறாய் என்று படித்ததும் அப்படி ஒரு சந்தோஷம். இங்கே ரெண்டு நாளாகச் சாயங்காலமானால் இடியும் மழையும்தான். நேற்றுத் தெருவிளக்கைச் சுற்றி ஒரே ஈசல். ஈசல் பறக்க ஆரம்பித்துவிட்டதென்றால் நீயும் சுணங்கக் கூடாது. அதனால்தான் கையோடு எழுதுகிறேன்.

எந்தெந்த அரிய காளான் கிடைக்கும், பட்டியல் அனுப்பு என்று கேட்டிருந்தாய். அனுப்பப் போவதில்லை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் போகிற பிள்ளைகளின் கண் பட்டியலில் இருப்பதை மட்டும்தான் தேடும். உலகத்தில் 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்பது கணக்கு. பெயர் வைத்திருப்பது ஏறக்குறைய ஒன்றரை லட்சத்துக்கு. எந்த உயிருக்கு அழிவு அபாயம் எவ்வளவு என்று மதிப்பிடும் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 2025 வரை ஏறியவை 1,300 அளவில்தான். இந்த நிலையில் நம்ம பக்கத்துக் காட்டில் ஒரு காளானை ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு 'அரியது' என்று எழுதினால், அரிதாகப் போனது காளானா, பார்க்கப் போன ஆளா என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

சுவிட்சர்லாந்தில் ஒரு காட்டுத்துண்டை 21 ஆண்டுகள், காளான் காலத்தில் வாராவாரம் போய்ப் பார்த்திருக்கிறார்கள். இடம் மொத்தமே 1,500 சதுர மீட்டர். கிடைத்தவை 400 இனங்களுக்கு மேல். அதில் ஒரு வருஷம்கூடத் தவறாமல் தலைகாட்டியவை வெறும் 8. அவ்வளவு ஈரமான ஊரிலேயே அப்படியென்றால், நம்ம ஊர்க் காய்ந்த காட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றி வந்து என்ன சொல்லிவிட முடியும்?

அதனால் காளானைத் தேடும் முன்னால் காளான் உட்காரும் இடத்தைக் கணக்கெடு. ஐரோப்பியப் புத்தகங்களைப் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் 'எந்த மரத்துக்கு எந்தக் காளான் துணை' என்று கேட்பார்கள். ஓக், பைன், பீச் மரங்களின் வேரைப் போர்த்தி வாழ்ந்து, மரத்தடியில் குடை விரிக்கும் காளான்கள் அங்கே ஏராளம். நம்ம உசிலை, வேம்பு, புங்கன், நாவல், வெப்பாலை எல்லாம் வேறு வகைப் பூஞ்சையோடு கூட்டு வைத்திருக்கின்றன. அது வேருக்குள்ளேயே புகுந்து வாழும், மண்ணுக்கடியில் வித்து (விதை மாதிரியான நுண்தூள், ஸ்போர்) வைக்கும், குடையே விரிக்காது. கொடைக்கானல் பைன் தோப்பில் தெரிகிற பல காளான்கள் மரக்கன்றோடும் மண்ணோடும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. அவற்றை நம்ம காட்டின் அரிய சொத்து என்று பிள்ளைகள் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்.

ஆக, மதுரைச் சுற்றுவட்டாரத்தில் காளானுக்கு முக்கியமான இடம் நாலு: கரையான் புற்று, விழுந்து கிடக்கும் தடித்த மரம், இலைச்சருகு, சாணம். இதில் முதல் ரெண்டும் குறைந்துகொண்டே வருகின்றன. அரியது என்று ஒன்று இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

புற்றிலிருந்து தொடங்குகிறேன். கரையான் புற்றுக்குள்ளே மென்ற மரத்தூளையும் சருகையும் கொண்டு தேனடை மாதிரி ஒரு அடை கட்டி, அதில் பூஞ்சை வளர்க்கிறது என்பது உனக்குத் தெரிந்ததுதான். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது ஈசலுக்கும் காளானுக்கும் உள்ள கணக்கு. நம்ம பக்கத்துப் புற்றுக் கரையானில் ஈசல் பறந்துபோய்ப் புதுக்கூடு தொடங்கும்போது பூஞ்சையைக் கூடவே எடுத்துப் போவதில்லை. புதுக்கூட்டில் முதல் வேலைக்காரக் கரையான்கள் வளர்ந்து, இரை தேடி வெளியே வந்து, சருகோடு ஒட்டிய காளான் வித்தைக் கொண்டுபோய்த்தான் முதல் அடையை விதைக்க வேண்டும். ஆகவே பழைய புற்றில் காளான் பூப்பதும், புதுக்கூட்டின் வேலைக்காரர்கள் வெளியே வருவதும் ஒரே மழைக்காலத்துக்குள் சந்தித்தாக வேண்டும். மழை தள்ளிப்போய், அந்த நேரத்தில் குடை விரியாமல் போனால் நட்டம் ரெண்டு பேருக்கும். ஈசல் பறந்த தேதியைக் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதச் சொல். அங்கிருந்து வாரத்துக்கொருமுறை, மார்கழி பிறக்கும் வரை.

புற்றுக்காளானைப் பிடுங்க விடாதே. மாணவர் எல்லாரும் செய்யும் முதல் தப்பு அதுதான். குடையின் நடுவில் கூரிய முகடு இருக்கும். கெட்டி மண்ணைக் குத்திக்கொண்டு வருவது அந்த முனை. கீழே காம்பு வேர் மாதிரி மெலிந்து அடை வரைக்கும் போகும், ஒரு முழத்துக்கு மேலும் இறங்கலாம். பிடுங்கினால் மண்மட்டத்தில் ஒடிந்துவிடும்; அடையாளத்தில் பாதி மண்ணுக்குள் போய்விடும். காம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர்க்குத்தாக ஒரு குழி எடுக்கச் சொல். அப்புறம் பக்கவாட்டிலிருந்து கரண்டியால் மண்ணைச் சுரண்டி, காம்பை நெருங்கியதும் பெயின்ட் பிரஷ்ஷுக்கு மாற வேண்டும். நடுவில் ஒடிந்துவிட்டால் எத்தனை சென்டிமீட்டரில் ஒடிந்தது என்பதை எழுதிக்கொள்ளட்டும். ஒரு புற்றில் ஒரு காளானுக்கு மட்டும் தோண்டினால் போதும். குழியை மூடிவிட்டு வர வேண்டும். சாமி கும்பிடும் புற்றைத் தொடவே கூடாது, படம் போதும். மஞ்சள் பூசி முட்டை வைக்கிற புற்றுகள்தான் நம்ம பக்கத்தில் இடிபடாமல் தப்பித்த பழைய புற்றுகள். அந்த மரியாதை நம் கையால் கெட வேண்டாம்.

அரிசிக்காளான் வேறு மாதிரி. குடை ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான், நீளக் காம்பு கிடையாது. கரையானே பழைய அடையைத் துண்டு துண்டாக வெளியே கொண்டுவந்து பரப்பிவிட, அதிலிருந்து நூற்றுக்கணக்கில் முளைக்கும். அதைக் கண்டால் எண்ணிக்கை எழுதாமல், பரவிய பரப்பை அளந்து எழுதுவது நல்லது. புற்றிலிருந்து கறுப்பாக விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அது வேறு பூஞ்சை. கரையான் இருக்கும்வரை அதை அமுக்கி வைத்திருக்கும். கூடு நொடித்துப்போன பின்புதான் எழும். 'செத்த புற்று' என்று குறித்துக்கொள். நம்ம காட்டில் எத்தனை புற்று உயிரோடு, எத்தனை செத்தது என்ற கணக்கு எந்தக் காளான் பட்டியலையும்விட உபயோகமானது.

இன்னொரு எச்சரிக்கை. புற்றுக்காளானில் காம்பில் வளையம் உள்ள ஒரு இனம் தென்னிந்தியாவில் உண்டு. 1979-இல் நடராஜன் 'டெர்மிட்டோமைசிஸ் ஹைமி' என்று பெயரிட்டு விவரித்தது. புல்வெளியில் முளைக்கும் பச்சைவித்து நாய்க்குடைக்கும் வெள்ளைக் குடை, காம்பில் வளையம். அதைத் தின்றால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் பிடிக்கும். இளசாக இருக்கும்போது, குடைக்கு அடியில் விசிறி மடிப்பு மாதிரி இருக்கும் அதன் மடல்களும் வெள்ளைதான், முற்றினால்தான் பச்சை ஏறும். எனவே மடல் நிறத்தை நம்பாமல் வித்து நிறத்தைப் பார்க்க வேண்டும். பாதி வெள்ளை, பாதி கறுப்பாக உள்ள காகிதத்தில் குடையைக் கவிழ்த்து, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, டம்ளரால் மூடி ராத்திரி முழுக்க வை. காலையில் இளஞ்சிவப்பு சாயல் என்றால் புற்றுக்காளான் பக்கம், மங்கிய பச்சை என்றால் நாய்க்குடை. வெறும் வெள்ளைத்தாளில் வைத்தால் வெளிர்நிற வித்து கண்ணுக்கே தெரியாது, 'வித்து உதிரவில்லை' என்று எழுதிவிடுவார்கள். எது எப்படியானாலும் கணக்கெடுப்பில் எடுத்த எதையும் சமைக்கக் கூடாது என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடு.

அடுத்தது மரம். 20 சென்டிமீட்டருக்கு மேல் தடித்து, விழுந்த இடத்திலேயே மக்குகிற மரம் நம்ம காடுகளில் அபூர்வம். விறகுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் கோடைத்தீயில் போய்விடும். சுள்ளிகூட எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பதால்தான் கோயில்காடு முக்கியம். காசம்பட்டிக் காடு 5 ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவு. 2025-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2022-இல் அறிவித்த அரிட்டாபட்டிக்கு அடுத்து நம்ம மாநிலத்தில் ரெண்டாவது. அங்கே ஒவ்வொரு விழுந்த மரத்துக்கும் ஒரு எண் கொடு. தடிமனை அள. பேனாக்கத்தியைக் குத்தி எவ்வளவு இறங்குகிறது என்று பார். நுனி மட்டும் இறங்கினால் 1, பாதி இறங்கினால் 2, பிடிவரை இறங்கினால் 3. ஒரே கட்டையிலும் மக்குவதற்கேற்பக் காளான் மாறும். எண்ணிட்ட கட்டையில் அடுத்த வருஷமும் பார்த்தால்தான் அது தெரியும்.

மரத்தில் பளபளவென்று அரக்குப் பூசினாற்போல் ஒன்றைக் கண்டதும் பிள்ளைகள் 'கனோடெர்மா லூசிடம்' என்று எழுதுவார்கள். அந்தப் பெயர் இங்கிலாந்தில் எடுத்த மாதிரிக்கு வைத்தது. நம்ம ஊர்ப் புளியிலும் உசிலையிலும் வருவதற்கு அது பொருந்தாது. இப்படி ஐரோப்பியப் பெயரை ஒட்டியதால்தான் பல இனங்கள் உலகமெங்கும் பரவியவை போல வரைபடத்தில் தெரிகின்றன. சந்தேகமாக இருந்தால் 'கனோடெர்மா, இனம் தெரியவில்லை' என்று எழுதுவதில் ஒரு அவமானமும் இல்லை.

சுள்ளியைக் குனிந்து பார்க்கச் சொல். பறவைக்கூட்டுக் காளான் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கிண்ணம். உள்ளே உளுந்தைவிடச் சின்னதாக, தட்டையான முட்டைகள். மழைத்துளி கிண்ணத்துக்குள் விழுந்தால் அந்த முட்டை ஒரு மீட்டர் தூரம்கூடத் தெறிக்கும். கிண்ணம் காலியாக இருந்தால் பழையது என்று விட்டுவிடாமல், சுற்றிலும் இலையின் அடிப்புறத்தில் முட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நடைமுறைக்கு வருகிறேன். 20 மீட்டருக்கு 20 மீட்டர் கட்டம் ஆறு போடு: ரெண்டு ஓடையோரம், ரெண்டு சரிவில், ரெண்டு காட்டு விளிம்பில். ஒரு கட்டத்துக்கு ரெண்டு பேர், 40 நிமிஷம், அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். ஒன்றும் கிடைக்காத நாளையும் தேதி போட்டு எழுத வேண்டும். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வெறும் நாள் பதிவு இல்லாவிட்டால் 'இல்லை' என்பதற்கும் 'போகவில்லை' என்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

பிளாஸ்டிக் கவரில் போட்டால் ரெண்டு மூணு மணி நேரத்தில் வெந்து கொழகொழவென்று ஆகிவிடும். செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கூடையில் வை. மைக்காளான் தானாகவே கரைந்து மையாக ஒழுகும், அதை அங்கேயே படமெடுத்து, குறிப்பெழுதி முடித்துவிட வேண்டும். துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுது. பேனா மை மழையில் ஓடிவிடும். காயவைக்கும் முன் மடலிலிருந்து நகக்கண் அளவு ஒரு துண்டை எடுத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போட்டுவிடு, டிஎன்ஏ பார்க்க அது போதும். மீதியை 40 முதல் 45 டிகிரியில், ஒடித்தால் 'டக்'கென்று ஒடியும் வரை உலர்த்து. ஐப்பசி வெயிலை நம்பாதே, பாதி காய்ந்து பூசணம் பிடிக்கும். சூட்டைக் கூட்டினால் வெந்துவிடும், நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது. உலர்ந்ததை ஒரு வாரம் மைனஸ் 20 டிகிரியில் வைத்து எடுத்தால் வண்டு அரிக்காது.

வனத்துறை அனுமதிக்கு இன்றே எழுதிப் போடு. காப்புக்காட்டுக்குள் மாதிரி எடுப்பதற்கும் வெறுமனே நுழைவதற்கும் தனித்தனியாகக் கேள். கோயில்காட்டுக்கு ஊர்ப் பெரியவர்களையும் பூசாரியையும் முதலில் பார்த்துவிடு. செருப்பைக் கழற்ற வேண்டிய இடம் எது என்று அவர்கள் சொல்வார்கள். முள்ளுக்கு ஏற்பாடு பண்ணிக்கொள்.

முதல் தடவை போகும்போது ஒரு காளானும் எடுக்க வேண்டாம். புற்றையும் விழுந்த மரத்தையும் மட்டும் எண்ணி, அந்தக் கணக்கை எனக்கு அனுப்பு. கட்டங்களை எங்கே போடலாம் என்று அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி