அஞ்சாவது பேர்

அன்பு மகளுக்கு,

முந்தநாள் ராத்திரி நீ அனுப்பின லிஸ்ட்ட பாத்தன். ஆர் ஆரக் கேட்டு நீ பேஸ் கிற்றார் வாசிக்கப் பழகினனி எண்டு அஞ்சு பேர எழுதிக்கொண்டு வரச் சொல்லி மாஸ்டர் சொன்னவர், நாலு எழுதிட்டன், அஞ்சாவதுக்கு ஆரப் போடுறது அப்பா எண்டு கேட்டிருந்தாய். வொய்ஸ் போடலாம் எண்டு ரெண்டு தரம் துவங்கினன், ரெண்டு தரமும் அம்மா குசினிக்க இருந்து தேங்காய் வாங்கினீங்களா எண்டு கேட்டது தான் ரெக்கோட் ஆச்சு. அதால ரைப் பண்றன். நீளமாத்தான் வரும், வேலையால வந்து சாப்பிட்டிட்டு ஆறுதலா வாசி.

அந்த நாலு பேரையும் ரெண்டு நாளா யூடியூப்பில தேடித் தேடிக் கேட்டன், கடையில கிடந்த பழைய பெரிய ஹெட்போனப் போட்டுக்கொண்டு. அமெரிக்காவில டெட்ரொயிட்ல மோட்டவுன் எண்ட ரெக்கோட் கொம்பனிக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் சரியான ஆள். வலது கையில சுட்டு விரல் ஒண்டு தான் வேலை செய்யுது, ஸ்ட்ரிங்கும் அறுந்தாலொழிய மாத்தமாட்டாராம், போன மாசம் நீ ஸ்ட்ரிங் விலை சொல்லி அழுதது எனக்கு ஞாபகம் வந்தது. பத்து வருசத்துக்கு மேல அவர்ட பேஸுக்கு ஊர் உலகமே ஆடினது, ஆனா கொம்பனி ரெக்கோட் கவர்ல அவர்ட பேர முதல்முதல் போட்டது 1971ல தான். எனக்கு அது புதினமாத் தெரியேல்ல, முப்பது வருசமா ஸ்பீக்கர் கட்டிச் சவுண்ட் போட்டன், என்ர பேர ஒரு மேடையிலயாவது ஒழுங்காச் சொன்னவையா? அது கிடக்கட்டும். நான் கவனிச்சது வேற விசயம். பேஸ் கிற்றார தொட முதல் அந்தாள் ஆளுயர டபுள் பேஸ் வாசிச்சவர், அந்தக் கை பிறகும் மாறேல்ல.

பீட்டில்ஸ் மக்கார்ட்னிய எனக்கு முந்தியே தெரியும், இடது கைக்காரர், வயலின் மாதிரிக் கிற்றார். மோகினி டே உன்னை விட ரெண்டு வயசு தான் மூப்பு, ரஹ்மானோட மேடையில நிண்டு அந்த வாசிப்பு வாசிக்கிறா, தகப்பனும் பேஸ் வாசிக்கிறவராம். அந்த இடத்தில அம்மா என்னைப் பாத்துச் சிரிச்சவ, நான் ஒண்டும் கதைக்கேல்ல.

ஜாக்கோ பாஸ்டோரியஸ் தான் என்னை நித்திரை கொள்ள விடேல்ல. அவர் முதல்ல ட்ரம்ஸ் வாசிச்ச பொடியன், புட்போல் விளையாடி மணிக்கட்டு முறிஞ்சு தான் பேஸுக்கு வந்தவர். வளந்தது புளோரிடாக் கடற்கரையில, கடலுக்கு அங்கால கியூபா, அங்கயிருந்து வாற றேடியோவக் கேட்டுக் கேட்டு வளந்திருக்கிறார். அவர்ட பேஸ்ல அந்தத் தாளம் உள்ளுக்க கிடந்து துள்ளுது, கேட்டாலே தெரியும். கிற்றார்க் கழுத்தில குறுக்கால இருந்த பிரெட் கம்பியள் எல்லாத்தையும் புடுங்கி, அந்தக் கீறல மூடி, மேல எபொக்ஸி பூசி வாசிச்சவராம், நீ அந்த விளையாட்டுக்குப் போகாத, அது உன்ர சொந்தக் காசில வாங்கினது.

இப்ப நான் சொல்ல வாறது என்னெண்டா, இந்த நாலு பேரில ஒருத்தரையும் நீ ஊரில இருக்கேக்க கேட்டதில்ல. எல்லாரும் நீ கனடாவுக்கு, ஸ்காபுரோவுக்குப் போனாப் பிறகு வந்தவை. அதுக்கு முதல் பதினெட்டு வருசம் உன்ர காதுக்குள்ள ஒண்டுமே போகேல்லயா?

என்ர கதையச் சொல்றன். நான் துவங்கேக்க இங்க திருகோணமலையில எங்களிட்ட ஹோர்ன் ஸ்பீக்கர் தான் இருந்தது, தென்னை மரத்தில கட்டினா உப்புவெளியில போடுற பாட்டு அலஸ்தோட்டத்துக்குக் கேக்கும். ஆனா ஹோர்ன் கிட்டத்தட்ட 300 ஹெர்ட்ஸுக்கு, அதாவது செக்கனுக்கு 300 தரம் ஆடுற சத்தத்துக்குக் கீழ ஒண்டும் ஒழுங்காத் தராது. உன்ர பேஸ்ட தடிச்ச ஸ்ட்ரிங் செக்கனுக்கு 41 தரம் ஆடுது, அந்த ஒரு அலை மட்டும் 27 அடி நீளம், அது அந்தச் சின்ன வாய்க்குள்ளால வருமா சொல்லு. அப்ப நான் எத்தினையோ வருசம் இளையராஜாவ நாள் முழுக்கப் போட்டிருக்கிறன், பேஸ் எண்டு ஒரு சாமான் அதுக்குள்ள இருக்கு எண்டே தெரியாம.

பிறகு கடன் பட்டு 15 இஞ்சி ஸ்பீக்கர் பொக்ஸ் ரெண்டு கொழும்பால கொண்டு வந்தன். முதல் நாள் ஒரு கலியாண வீடு, பழைய இளையராஜா கசெற் ஒண்டப் போட்டிட்டு வயர் சுத்திக்கொண்டு நிண்டனான், அப்பிடியே நிண்டிட்டன். பாடுறவ ஒரு வழியால போறா, கீழ பேஸ் தன்ர பாட்டுக்கு வேற வழியால நடந்து போகுது, போய்ப் பல்லவி முடியிற இடத்தில ரெண்டும் வந்து சந்திக்குது. ஆரோ பின்னால நிண்டு தள்ளின மாதிரி இருந்தது. ராஜா தன்ராஜ் மாஸ்டரிட்ட மேற்கத்திய சங்கீதம் படிச்சு, ஒவ்வொருத்தருக்கும் நொட்ஸ் எழுதிக் குடுத்து வாசிப்பிச்சவர் எண்டது பிறகு தான் தெரியும், அந்த பேஸ வாசிச்சவர் சசிதரன் எண்டதும் பிறகு தான். ரஹ்மானுக்கு கீத் பீட்டர்ஸ். இந்த ரெண்டு பேரையும் உன்ர மாஸ்டருக்குத் தெரியாமல் இருக்கும், நீயாவது சொல்லிக் குடு.

2002ல சமாதானம் எண்டு செக்பொயின்ட் எல்லாம் குறைஞ்ச நேரம், கொழும்பு பாண்ட் ஒண்டு இங்க கலியாணத்துக்கு வந்தது. உனக்கு நாலு வயசு. அம்மாவுக்குக் காய்ச்சல், உன்னை நான் தான் கூட்டிக்கொண்டு போனன். பைலா துவங்கிச் சனமெல்லாம் ஆடுது, உன்னைக் காணேல்ல, தேடினா பேஸ் பொக்ஸுக்குப் பின்னால வயர்ப் பெட்டிக்கு மேல படுத்து, பொக்ஸ்ல முதுகச் சாய்ச்சுக்கொண்டு நல்ல நித்திரை. தூக்கின உடன அழுதாய், திரும்ப வைச்ச உடன நித்திரை. அந்த பேஸ்காரர் வந்து பாத்துச் சிரிச்சிட்டு, அடுத்த பாட்டுக்கு வொலியூமக் கொஞ்சம் குறைச்சவர், மனுசன்.

பைலாவும் எங்களுக்கு அந்நியமில்ல. போர்த்துக்கேயரோட வந்த தாளம், இங்கயும் மட்டக்களப்பிலயும் இருக்கிற பறங்கி ஆக்கள் கலியாணங்களில கஃப்ரிஞ்ஞா எண்டு வயலினோட வாசிக்கிறவை, அதுவும் அந்த 6/8, ஆறு ஆறா எண்ணுற தாளம் தான். உனக்கு அத எண்ணத் தேவையில்ல, நீ நித்திரையில படிச்சிட்டாய்.

அடுத்தது தவில். கோணேசர் கோயில்ல பூசை நேரம் எல்லாப் பிள்ளையளும் நாதஸ்வரக்காரரப் பாக்குங்கள், நீ தவில்காரருக்குப் பக்கத்தில போய் இடது பக்கமா நிப்பாய், வயித்தில கைய வைச்சுக்கொண்டு. "இங்க அடிக்குதப்பா" எண்டு சொல்லுவாய். வலது பக்கத்தில விரல்கூடு போட்டு அவர் என்ன தான் பொரிஞ்சு தள்ளினாலும் நீ திரும்பிப் பாக்கிறேல்ல, தொப்பி எண்ட இடது பக்க முகத்தில பூவரசங் கம்பால போடுற அடி தான் உனக்கு. அந்தாள் தொப்பிய எல்லா அடிக்கும் தொடுறேல்ல கண்டியோ. விட்டு விட்டு, வேண்டிய இடத்தில மட்டும் தான்.

இதச் சொன்னாப் போல தான் ஞாபகம், போன மாசம் நீ அனுப்பின உங்கட பாண்ட் வீடியோ. அம்மா நல்லாயிருக்கு எண்டவ, நானும் அப்ப ஓம் எண்டிட்டன். உண்மையச் சொன்னா, நீ நிறைய வாசிக்கிறாய். ஜாக்கோவக் கேட்டுப்போட்டு நாலு தாள அடிக்குள்ள அந்த வேகம் முழுதும் வரவேணும் எண்டு விரல் ஓடுது, ட்ரம்ஸ்காரப் பொடியன்ட, அந்தப் பெரிய ட்ரம்ம மிதிக்கிற வலது கால நீ பாக்கவே இல்ல, அவன் பாவம் ஒரு இடத்தில தேடி உன்னை நிமிந்து பாக்கிறான், ரெண்டாவது நிமிசம், போய்ப் பார். கோவிக்காத. சவுண்ட்காரன் கண்டத சவுண்ட்காரன் சொல்லத்தானே வேணும்.

அஞ்சாவதுக்கு சசிதரனப் போட்டா அது பிழையில்ல. ஆனா அந்தத் தவில்காரரப் போடலாமோ எண்டும் யோசிச்சன், மாஸ்டர் பேஸ் வாசிக்கிற ஆள் தானே கேட்டவர் எண்டு நீ சொல்லுவாய், எனக்கும் அது தெரியும். அதோட அவர்ட பேர் எனக்குத் தெரியாது, இத்தினை வருசம் கண்டா தலையாட்டுவம், அவ்வளவு தான். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறன், கேட்டுச் சொல்றன். அப்பிடியே ரெக்கோட் பண்ணியும் அனுப்புறன், போன் ஸ்பீக்கர்ல கேட்டுப்போட்டு ஒண்டும் கேக்கேல்ல அப்பா எண்டு சொல்லாத, ஹெட்போன் போடு.

அப்பா