பிரித் ஓதலை மேடையேற்றும் யாழ்ப்பாணத்துத் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளே,

பிரித் என்னும் பௌத்த ஓதல்களில் ஒன்றான, அன்பைப் பற்றிய கரணீய மெத்த சூத்திரத்தின் பாளி மொழி ஓதலோடு கிற்றார், கீபோர்ட், டிரம்ஸ், தவில் எல்லாம் சேர்த்து நீங்கள் ஒரு நிகழ்ச்சி தயாரிக்கிறீர்கள். ஒத்திகையின் ஒரு துண்டு என்னிடமும் வந்தது. நெடுங்காலம் வயலின் படிப்பித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில், தயங்காமல் செய்யுங்கள். "அது சிங்களவரின் ஓதல், எங்களுக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மணிமேகலை தமிழில் பிறந்த பௌத்த காப்பியம். 11ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் என்ற தமிழ் இலக்கணத்தை எழுதிய புத்தமித்திரரும் பௌத்தர்தான். கந்தரோடையின் பழைய பௌத்தத் தூபிகள் உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். இந்த மரபில் நமக்கும் பங்கு உண்டு.

ஆனால் தையிட்டியில் பௌத்த விகாரை எழுந்த நிலத்துக்காக அதன் சொந்தக்காரர்கள் போராடி வந்திருக்கிறார்கள். அவர்கள் காதில் பிரித் எப்படி விழும் என்று யோசியுங்கள். அதனால் நோட்டீசில் 'நல்லிணக்க இசை' என்று போட்டுவிடாதீர்கள். காணியைத் திருப்பிக் கொடுக்கும் வேலையைப் பாட்டு செய்யாது.

சரி, இசைக்கு வருகிறேன். தம்மத்தை, அதாவது தன் போதனையை, நீட்டி முழக்கிப் பாட்டாக ஓதுவதில் ஐந்து கேடுகள் உண்டு என்று அங்குத்தர நிகாயம் என்ற பாளி நூலில் புத்தர் சொல்கிறார். ஓதுகிறவர் தன் குரலிலேயே மயங்கிவிடுவார் என்பது அவற்றில் முதலாவது. அதேவேளை, சரபஞ்ஞம் எனப்படும் சுர ஓதலுக்கு, துறவிகளுக்கான விதிநூலாகிய விநயத்தில் அனுமதியும் இருக்கிறது. பிரித் சில சுரங்களுக்குள்ளேயே நின்று நடப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த அடக்கம்தான் அதன் அழகு. உங்கள் ஒத்திகையில் கீபோர்ட் அதை மேலே மேலே தள்ளுகிறது. தமிழைப் போலவே பாளியிலும் குறில், நெடில் உண்டு. டிரம்ஸின் நாலு தட்டுக்குள் அடக்கப்போய்ப் பல குறில்கள் நெடிலாகிவிட்டன. கேட்டபோது மனம் நொந்தது. ஓதல் போகிற போக்கில் தாளம் போகட்டும். 2013இல் ஏ. ஆர். ரஹ்மான் கோக் ஸ்டூடியோ என்ற இசை நிகழ்ச்சியில் நேபாளத்துப் பிக்குணி ஆனி சோயிங் டிரோல்மாவைப் பாடவைத்தார். சுற்றிலும் வாத்தியங்கள் ஏறிய பிறகும் அவர் குரல் அமைதி குலையவில்லை. அதை ஒருமுறை சேர்ந்திருந்து கேளுங்கள்.

தேரர்களை, அதாவது பௌத்த பிக்குகளை, மேடைக்கு அழைக்க வேண்டாம். ஆடல், பாடல், வாத்தியத்திலிருந்து விலகியிருப்பது துறவிகளின் பத்துச் சீலங்களில் ஒன்று. ஓதத் தெரிந்த இல்லறத்தார் ஒருவரிடம் உச்சரிப்பைப் பழகி நீங்களே ஓதுங்கள்.

கடைசியாக, இந்த மடலை எழுதவைத்த விஷயம். அந்தச் சூத்திரத்தில் ஓர் இடம் வருகிறது: தாய் தன் ஒரே பிள்ளையை உயிரைக் கொடுத்தும் காப்பதுபோல, எல்லா உயிர்களிடத்தும் எல்லையற்ற அன்பை வளர்க்க வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தைப் பிடித்தபடி வருடக்கணக்காக வீதியில் இருக்கும் அம்மாக்கள் உள்ள ஊர் இது. பாளியில் மட்டும் ஓதினால் அவர்களுக்கு அது வெறும் சத்தம். அந்த இடத்தில் டிரம்ஸை நிறுத்துங்கள், கீபோர்டையும் நிறுத்துங்கள். பாளியில் ஒருமுறை ஓதிவிட்டு, அதே சுரத்தில் தமிழில் சொல்லுங்கள். பின்னால் தம்பூரா மட்டும் போதும். என்னுடையது வீட்டில் சும்மாதான் இருக்கிறது. ஒரு பின்னேரம் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
ஒரு வயலின் ஆசிரியர்
யாழ்ப்பாணம்