பேதியில் போகாதவர்கள்

செல்வி,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்து மூன்று வாரமாகிறது. போனில் பேசலாம்தான், ஆனால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிச் சொல்லியே வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

உன் ஆபீஸ்காரர் ஒருவர் சாப்பிடும்போது சொன்னாராம். மருந்து மாத்திரை வந்தபிறகு இயற்கைத் தேர்வு நின்றுபோயிற்று, சாக வேண்டியதெல்லாம் பிழைத்துப் பிள்ளை பெறுகிறது, இப்படியே போனால் மனித இனமே நோஞ்சானாகிவிடும் என்று. உன் இடுப்பில் இன்சுலின் பம்ப் இருப்பது அவருக்குத் தெரியாது, நீயும் சொல்லிக்கொள்ளவில்லை. சரி, அவர் சொன்னதை விடு. கடைசியில் நீ மெதுவாக ஒன்று கேட்டாயே, "அவர் சொல்றதும் சரிதானோம்மா, நான் பெத்துக்கிடலாமா வேண்டாமா"ன்னு, அதைக் கேட்டபிறகுதான் எனக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று.

ஆச்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆச்சி உன்னை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது "பேதீல போவா" என்று ஏசியிருப்பாள். நம்ம பக்கம் அது வசவில் சேர்த்தியே இல்லை, பாதி கொஞ்சல். "கொள்ளைல போவான்" என்பதும் அதே ரகம். சின்னப்பிள்ளையில் நீ அர்த்தம் கேட்டபோது நான் மழுப்பிவிட்டேன். அது காலரா, அந்தக் காலத்து வாந்திபேதி. ஆச்சி ஏழு பெற்றாள், தங்கியது நாலு. ஒன்று தொப்புள்கொடிப் புண்ணில் ஜன்னி கண்டு எட்டாம் நாள் போனது, ஒன்று அம்மையில் போனது. மூத்தவன் பேதியில், சாயங்காலம் ஆரம்பித்து விடிவதற்குள். "அவந்தாம்ளா எல்லாத்துலயும் தடியன், ரெண்டு கையால தூக்க முடியாது" என்பாள். இருந்ததிலேயே சவலை உன் அப்பாதான், கழுத்து நிற்கவே ஆறேழு மாதமானதாம். அந்தச் சவலைதான் பின்னால் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் எடுத்தது.

இதில் யார் பலசாலி, யார் நோஞ்சான்? காலரா வந்து எடை போட்டுப் பார்த்தா ஆளைத் தூக்கியது? கன்னடியன் கால்வாயில் மேல்துறையில் தண்ணீர் மோந்த தெரு தப்பியது, கீழ்த்துறைத் தெருவில் வீட்டுக்கு ஒன்று போனது, அவ்வளவுதான். உடம்புக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஓ குரூப் ரத்தக்காரர்களுக்குக் காலரா வந்தால் மற்றவர்களைவிடக் கடுமையாக வரும். ஆனால் மலேரியா முற்றி மூளைக்குப் போகிற ஆபத்து அதே ஓ குரூப்காரர்களுக்குத்தான் குறைவு. பேதிக்கு நோஞ்சான், காய்ச்சலுக்குப் பயில்வான். நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952ல் அரிவாள் செல் ரத்தத்தைக் கண்டுபிடித்தார்களே, அதுவும் இப்படித்தான். அந்த மரபணு அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் வந்தால் ரத்த நோய், ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவுக்குக் கவசம். ஆக நல்ல மரபணு, கெட்ட மரபணு என்று ஒட்டுமொத்தமாக மார்க் போட முடியாது, எந்த ஊரில் எந்த நோய்க்கு நடுவில் பிறந்தாய் என்று கேட்டுத்தான் போட வேண்டும்.

அடுத்தது அம்மை. குலசேகரப்பட்டினத்து முத்தாரம்மனுக்கு அந்தப் பெயரே உடம்பில் போட்ட முத்தை ஆற்றுகிறவள் என்பதால் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரியம்மை வந்தால் பத்துக்கு மூன்று பேர் செத்தார்கள், பிழைத்தவர்களில் பலருக்குக் கண் போயிற்று. இந்தியாவில் கடைசி நோயாளி 1975ல், உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தது 1980ல். அதற்கு ஐந்தாறு வருஷம் கழித்து நான் துணை சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது கிழவிகளின் முகத்தில் மட்டும்தான் அந்தத் தழும்பு மிச்சம்.

புதன்கிழமை தோறும் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்தவள் நான். தமிழ்நாட்டில் 1971ல் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 113 ஒரு வயது முடிவதற்குள் செத்தன. 2020ல் அது 13. நடுவில் தப்பிய அந்த நூறு பேரை நான் கண்ணால் பார்க்கிறேன் செல்வி. ஒருத்தன் பாபநாசம் பஸ் ஓட்டுகிறான், ஒருத்தி ஏட்டம்மா, ஒருத்தன் கடன் வாங்கிக்கொண்டு ஓடிப்போனான் (எனக்கும் ஐயாயிரம் தர வேண்டும்). இவர்களால் மனித இனம் நோஞ்சானானதாக எனக்குத் தெரியவில்லை.

உன் ஆபீஸ்காரர் சொன்னது முழுப்பொய் என்று சொல்லமாட்டேன். பிள்ளைச்சாவு என்கிற சல்லடையின் கண்ணை மருந்து பெரிதாக்கிவிட்டது, அது உண்மை. ஆனால் சாவு மட்டுமா தேர்வு? யார் எத்தனை பெறுகிறார்கள், எந்த வயதில் பெறுகிறார்கள் என்பதும் தேர்வுதான், அது ஊசி போட்டால் நிற்காது. அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948 முதல் ஜனங்களின் உடம்பைத் தலைமுறை தலைமுறையாகக் கணக்கெடுத்து வருகிறார்கள். அதை வைத்துப் பார்த்ததில், அந்த ஊர்ப் பெண்கள் வருங்காலத் தலைமுறைகளில் கொஞ்சம் குட்டையாக, கொஞ்சம் பூசினாற்போல, மாதவிலக்கு சற்றுத் தள்ளி நிற்கிறவர்களாக மாறிப்போகலாம் என்று வந்ததாம். அந்த லட்சணமெல்லாம் எனக்கு இப்போதே இருக்கிறது.

சிசேரியனையும் இதில் இழுப்பார்கள். வியன்னாவில் ஒரு கணக்குப் போட்டார்கள், குழந்தையின் தலை பெரிதாகவும் தாயின் இடுப்பு எலும்பு குறுகலாகவும் அமைந்து பிரசவம் சிக்குவது, ஆபரேஷன் வந்தபிறகு பத்திலிருந்து இருபது சதவீதம் கூடியிருக்கலாம் என்று. அது கணக்கு, அளந்து பார்த்தது இல்லை. அப்படியே உண்மையென்றாலும் ஆயிரத்துக்கு முப்பது இருந்தது அதிகமாகப் போனால் முப்பத்தாறாகும். தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்புப்படி நூறு பிரசவத்தில் நாற்பத்தைந்து சிசேரியன். அதற்கும் இடுப்பெலும்புப் பரிணாமத்துக்கும் சம்பந்தமில்லை, அதன் காரணம் எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

இப்போது உன் விஷயம்.

1998, உனக்கு ஒன்பது வயது. ராத்திரி நாலு தடவை எழுந்து ஒண்ணுக்குப் போனாய், குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தாய், பள்ளிக்கூடப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஊருக்கெல்லாம் நோய் பார்க்கிற நர்சம்மா நான், என் பிள்ளைக்குப் பூச்சி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு டாக்டர் சூட்டு உடம்பு என்றார். இன்னொருவர் சோர்வாக இருக்கிறாள் என்று குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார். சர்க்கரை ஏறி மூச்சு வாங்குகிற பிள்ளைக்குக் குளுக்கோஸ். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இன்றைக்கு வரை என்னால் மன்னிக்க முடியவில்லை. பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது உன் மூச்சில் அழுகின பழ வாசனை. அங்கே ஒரு பயிற்சி டாக்டர், சின்னப் பையன், வாசனையை வைத்தே சொல்லிவிட்டான். மூன்றாம் நாள் நீ கண்ணைத் திறந்து இட்லி கேட்டாய்.

அப்புறம் சொந்தக்காரர்கள் பேச்சு. நான் மாமன் மகனைக் கட்டியவள், "சொந்தத்துல கட்டினா இப்படித்தான்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சொந்தத்தில் கட்டினால் சில நோய்கள் கூடும், நானே வீடு வீடாகப் போய் வேண்டாம் என்று சொன்னவள்தான். ஆனால் உன்னுடையது டைப் 1 சர்க்கரை நோய், அது அந்த வகையில் வராது. பல மரபணுக்கள் சேர்ந்து வழிவிட, வெளியிலிருந்து ஏதோ ஒன்று தூண்ட, உடம்பின் காவல்காரனே கணையத்து செல்களை அடித்துப் போடுகிற நோய் அது. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷமானது, அதுவரை மனதுக்குள் உன் அப்பாவோடு சண்டை.

நீ இருக்கிற டொரண்டோவில்தான் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ப்ஸன் என்ற பதினாலு வயதுப் பையனுக்கு முதன்முதலாகப் போட்டார்கள். எலும்பும் தோலுமாய்க் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்தான், இன்னும் பதிமூன்று வருஷம் இருந்தான். 1935ல் செத்தது சர்க்கரையால் இல்லை, நிமோனியாவால், பென்சிலின் மருந்தாகக் கைக்கு வருவதற்குக் கொஞ்ச வருஷம் முந்தி. ஒரு மருந்து வந்து காப்பாற்றியது, இன்னொரு மருந்து வரத் தாமதமானது. இதில் அவன் தகுதியை எங்கே கொண்டு வைப்பது?

மருந்தால் பரிணாமம் நடக்கவில்லையா என்றால் நடக்கிறது, நமக்கு இல்லை, கிருமிக்கு. இன்சுலின் வந்து நூற்றுச் சொச்சம் வருஷம், நமக்கு நாலைந்து தலைமுறை. அதற்குள் மனிதர்களின் மரபணு மொத்தமாகக் கெட்டுப்போக வழியில்லை, அதற்கெல்லாம் ஆயிரக்கணக்கில் வருஷம் வேண்டும். பாக்டீரியாவுக்கு வசதியான இடம் கிடைத்தால் இருபது நிமிஷம் ஒரு தலைமுறை, ஒரு ராத்திரியில் நாம் பல நூறு வருஷத்தில் போகிற தூரம் போய்விடும். மெத்திசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் 1959ல் வந்தது, 1961லேயே அதற்கு மசியாத கிருமியைப் பார்த்துவிட்டார்கள். பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கே 1945ல் நோபல் மேடையில் நின்று, குறைந்த அளவில் போட்டால் கிருமி பழகிவிடும் என்று எச்சரித்தார். நம்ம ஊர் மெடிக்கலில் "தொண்டை கட்டியிருக்கு, ரெண்டு வேளைக்கு மட்டும் குடுங்க" என்று கேட்கிறவர்களிடம் நான் எத்தனை சண்டை போட்டிருப்பேன்! டிபிக்கு வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டால் போதும், ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதில்லை என்று உலகத்துக்குக் காட்டியது 1956ல் மெட்ராஸில் ஆரம்பித்த ஆராய்ச்சி மையம். அந்த மாத்திரையை உன் பெரியப்பா இருமல் நின்றதும் பாதியில் விட்டார், இரண்டாம் தடவை வந்தபோது அது பழைய மருந்துக்குக் கட்டுப்படவில்லை. மனித இனத்தைப் பற்றிக் கவலைப்படுகிற உன் ஆபீஸ்காரர் சளிக்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் சாப்பிடுகிற ஆளா என்று ஒரு நாள் கேள். வேடிக்கை என்னவென்றால் உனக்கு வருகிற இன்சுலினைக்கூட ஈ.கோலி பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோதான் செய்கிறார்கள்.

உன் அப்பா வைத்துவிட்டுப் போன புத்தகங்களைப் புரட்டினேன். டார்வினும் 1871ல் இதைத்தான் எழுதியிருக்கிறார், அம்மைப்பால் வைத்ததால் முன்பு செத்திருக்கக்கூடிய ஆயிரக்கணக்கான பேர் பிழைக்கிறார்கள், அது இனத்துக்குக் கேடு என்று. இதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். அடுத்தாற்போலவே, இரக்கத்தை அடக்கினால் நம்மிடம் இருக்கிறதிலேயே உயர்ந்த பகுதி கெட்டுப்போகும் என்றும் எழுதியிருக்கிறார். அப்பா அந்த இரண்டாவது வரியின் கீழ்தான் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். எந்த வருஷம் போட்டாரோ.

உனக்கு ஊசி போட்டது யார் என்று நினைவிருக்கிறதா? காலையில் நான். சாயங்காலம் நான் பீல்டில் இருப்பேன், அப்பாவுக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும். அந்த வருஷம்தான் ஆச்சிக்குத் திருநெல்வேலி அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் புரை எடுத்தது. கட்டுப் பிரித்த பத்தாம் நாள், பள்ளிக்கூடமே போகாத அந்தக் கிழவி சிரிஞ்சில் கோட்டை எண்ணப் பழகினாள். "நாற்பது கோட்டுல பன்னெண்டாவது கோடு, நான் சரியாத்தாம்ளா பாத்தேன்" என்பாள். எழுபது வயதுக் கிழவியின் கண்ணைத் திருத்தியதால் பரிணாமத்துக்கு என்ன லாபம் என்று உன் ஆபீஸ்காரர் கேட்டால் சொல், அந்தக் கண்தான் ஆறு வருஷம் உனக்குச் சாயங்கால ஊசி போட்டது. பிரிட்ஜ் இல்லாத வீட்டில் மருந்தை ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் வைத்து, கோடையில் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் காத்தவளும் அவள்தான்.

பெத்துக்கிடலாமா என்றால், நம்பரைக் கேட்டுக்கொள். அம்மாவுக்கு இந்த நோய் இருந்து, இருபத்தைந்து வயதுக்கு மேல் பெற்றால், பிள்ளைக்கு வர வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று, உன்னைப்போலப் பதினொரு வயதுக்கு முன்பே அம்மாவுக்கு வந்திருந்தால் அது இரண்டு மடங்கு, நூற்றுக்கு இரண்டு. அப்பாவுக்கு இருந்தால் பதினேழுக்கு ஒன்று. உன் வீட்டுக்காரருக்கு இல்லை. அந்த இரண்டில் ஒன்றாகவே வந்துவிட்டால் ஒன்பது வயதில் யாரும் அதற்குக் குளுக்கோஸ் ஏற்றமாட்டார்கள், ஏனென்றால் அம்மா நீ இருப்பாய். வேண்டாம் என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்தாலும் எனக்கு வருத்தமில்லை, ஆனால் அது உங்கள் முடிவாக இருக்கட்டும், சாப்பாட்டு மேஜையில் கேட்ட பேச்சுக்காக வேண்டாம்.

வேண்டும் என்றால் உடனே அவசரப்படாதே. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியை (HbA1c) 6.5க்குள் கொண்டுவா, கண்ணையும் கிட்னியையும் பார்த்துக்கொள், போலிக் ஆசிட்டை இப்போதே டாக்டரிடம் கேட்டு ஆரம்பி. பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். ஆச்சியின் பானை கொல்லையில் கிடக்கிறது, வாய் கொஞ்சம் உடைந்துவிட்டது, காக்காய்க்குத் தண்ணீர் வைக்கிறேன்.

அம்மா