வாங்கும்போதே சொல்ல வேண்டுமாம்!

மதிப்பிற்குரிய மத்திய சுகாதாரத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். போலிப் புரதப் பவுடர் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஜிம்முக்குப் போகும் என் மகன் சலுகை விலையில் இரண்டு டப்பாக்கள் வாங்கி வந்தான். ஒன்றைத் திறந்தோம். வழக்கமாக நொடியில் கரையும் பவுடர், தம்ளரின் அடியில் மைதாவாகப் படிந்து நின்றது. மூடியில் ஹாலோகிராம் இருக்கிறது, 14 இலக்க உரிம எண் இருக்கிறது, கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தால் 'இது அசல் தயாரிப்பு' என்று ஓர் இணையப் பக்கம் வாழ்த்துகிறது. (குறியீட்டை அச்சடித்தவரே அந்தப் பக்கத்தையும் நடத்தலாமே!)

பரிசோதிக்கக் கொண்டுபோனால், திறந்த டப்பாவை ஏற்க முடியாது என்றார்கள். நியாயம்தான். சீல் உடையாத இன்னொன்றை பில்லோடு நீட்டினேன். "பரிசோதனைக்கு அனுப்பப்போவதாக வாங்கும்போதே கடைக்காரரிடம் சொன்னீர்களா?" என்று கேட்டார் அலுவலர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கட்டணம் செலுத்தி உணவைப் பரிசோதித்துக்கொள்ளும் உரிமையை நுகர்வோருக்குத் தந்துவிட்டு, விற்பவரிடம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் 40ஆம் பிரிவு விதிக்கிறது.

அப்படி அறிவித்த பிறகு எந்தப் போலி வியாபாரி போலியை எடுத்துக் கொடுப்பார், ஐயா? இணையத்தில் வாங்கினால் யாரிடம் அறிவிப்பது? பார்சல் கொண்டுவரும் பையனிடமா? இந்த நிபந்தனையை நீக்குங்கள்.

பரிசோதனையிலும் ஓட்டை உண்டு. புரதத்தில் நைட்ரஜன் உண்டு என்பதற்காக மொத்த நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிட்டால், நைட்ரஜன் உள்ள மலிவான கிளைசின் (புரதத்தின் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்களில் ஒன்று) கலந்த பவுடரும் தேறிவிடும். 2008இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால் பவுடரில் மெலமைன் என்ற நைட்ரஜன் நிறைந்த வேதிப்பொருளைக் கலந்தவர்கள் இதே அளவீட்டைத்தான் ஏமாற்றினார்கள். இங்கேயோ, செய்தித்தாளில் பஜ்ஜி மடித்துக் கொடுக்கும் அம்மாவை எச்சரிக்க ஆள் வருகிறது. ஆயிரக்கணக்கில் விலை போகும் டப்பாவைச் சோதித்துத் தாருங்கள் என்று கெஞ்சினாலும் வழியில்லை.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். சீல் உடையாத டப்பாவும் பில்லும் இருந்தால் போதும், முன்னறிவிப்பு தேவையில்லை என்று 40ஆம் பிரிவைத் திருத்த வேண்டும். புரதப் பவுடர்களுக்கு அமினோ அமிலங்களைத் தனித்தனியாக அளக்கும் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கட்டணம் செலுத்தத் தயாராக இருக்கும் ஒரு நுகர்வோர்