என் கையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

பிளம்பர் உரிமம் வழங்கும் வாரியத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

என் விண்ணப்பம் போன வாரம் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்துவிட்டது. காரணம் ஒரே வரி: ‘பயிற்சி அளித்தவரின் கையொப்பம் இல்லை.’ முதல் தடவையும் இதே வரிதான், இரண்டாவது தடவையும் இதே வரிதான். விதியை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் எழுதியதுதானே. உரிமம் உள்ள ஒருவரிடம் வேலை பழகியதாக அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் தேர்வு எழுதவே விடுவீர்கள்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவர் காலத்தில் இந்த உரிமமே கிடையாது. 19 வயதில் அவரிடம் கையாளாகச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் என்னைப் பைப்பைத் தொடவே விடவில்லை. சுவர் கொத்துவது, சாமான் தூக்குவது, மட்டம் பார்க்கும் டியூப் லெவலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நிற்பது, இவ்வளவுதான் வேலை. அப்புறம் ஒருநாள் டை செட்டைக் கையில் கொடுத்து ஜி.ஐ. இரும்புப் பைப்பில் திரெட் (மரை) போடச் சொன்னார். போட்டு முடித்ததும் அவர் கண்ணால் பார்க்கவில்லை. பைப் வாய்க்குள் கட்டைவிரலை விட்டு ஒரு சுற்றுத் தடவினார். “பிசிறு இருக்கு, உள்பக்கம் சீவு” என்றார். அறுத்த இடத்தில் பிசிறை விட்டால் அங்கேதான் அழுக்குத் தங்கும், துரு ஏறும். பத்து வருடம் கழித்து மேல்மாடிக் குழாயில் தண்ணீர் நூலாக வரும்போது யாருக்கும் காரணம் புரியாது. இதைப் புத்தகத்திலும் படிக்கலாம். ஆனால் வேலை செய்கிற இடத்தில் கட்டைவிரலுக்குத் தெரிய வேண்டும்.

அவருடைய கையெழுத்துக்கு நான் இப்போது எங்கே போவது?

உங்கள் அலுவலகத்தில் இதைச் சொன்னேன். கவுன்ட்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “அப்படின்னா உரிமம் இருக்கிற வேற யார்கிட்டயாவது பயிற்சிக்குச் சேர்ந்திடுங்க, சார்” என்றார். எனக்கு வயது 46. எனக்கு நெருங்கிய வட்டத்தில் உரிமம் வைத்திருப்பவன் ஒரே ஒருவன். அவன் என்னிடம் ஏழு வருடம் கையாளாக இருந்தவன். வீட்டில் அப்பா சம்பாத்தியம் இருந்ததால் வேலையை விட்டுவிட்டுப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து படித்து உரிமம் வாங்கினான். நல்ல பையன். வேறு வழி தெரியாமல் படிவத்தை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. “அண்ணே, நீங்க எனக்குக் கையாளா? வேணாம்ணே. பேப்பரைக் கொடுங்க, ரெண்டு வருஷம் எங்கிட்ட பழகினதா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்று பேனாவை எடுத்துவிட்டான்.

நான் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். விஷயம் வெளியே வந்தால் அவன் உரிமம் போய்விடும், அது ஒன்று. இன்னொன்று, அந்தக் கையெழுத்தை வாங்கினால் என் 27 வருட வேலையை நானே இல்லை என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். செய்முறைத் தேர்வு வையுங்கள். பைப்பையும் ரெஞ்சையும் கையில் கொடுத்து, நான் செய்வதை நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். தேறாவிட்டால் உரிமம் தர வேண்டாம்.

உரிமமே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. இந்தத் தொழிலுக்கு உரிமம் கட்டாயம் வேண்டும். சில மாதங்களுக்கு முன் ஒரு வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். வேலை முடித்துக் கிளம்பும்போது பாத்ரூமில் கீசரை நிமிர்ந்து பார்த்தேன். சேஃப்டி வால்வ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளக், டெஃப்லான் டேப் சுற்றி நன்றாக முறுக்கிவைத்திருந்தது. “அதுல எப்பவும் சொட்டிக்கிட்டே இருந்துச்சுங்க, போன தடவை வந்தவர் அடைச்சுக் கொடுத்தார்” என்றார் அந்த அம்மா. தண்ணீர் சூடானால் விரியும். அந்த அழுத்தத்தை வெளியே விடத்தான் அந்த வால்வே இருக்கிறது. சூடாகும்போது நாலு சொட்டு விழுவது பழுது இல்லை, ஓயாமல் சொட்டினால் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வால்வை மாற்ற வேண்டும். அடைக்கவே கூடாது. அடைத்துவிட்ட பிறகு ஒருநாள் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டால், டேங்க்கே வெடித்துவிடலாம். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். அந்த பாத்ரூம் கொக்கியில் குழந்தையின் துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. புது வால்வ் மாட்டி முடிக்கும்வரை மெயின் சுவிட்சைப் போடவிடவில்லை.

அடைத்துக் கொடுத்தவரிடம் உங்கள் உரிமம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை. போன தேர்வின் கேள்வித்தாளைப் பார்த்தேன். விதி எண், படிவ எண், எதற்கு எவ்வளவு அபராதம், இவைதான் பாதிக்கு மேல். ரெஞ்சைத் தொடாமலே ஒருவர் அதில் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம்.

ஆனால் இந்தத் தொழிலில் ஆளைக் கொல்லும் தப்புகள் எல்லாம் கையில் நடப்பவை. 1933-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது இரண்டு ஹோட்டல்களில் கழிவுநீர் குடிநீரில் கலந்து அமீபாச் சீதபேதி பரவியது. 98 பேர் இறந்தார்கள். பழைய பைப்பும் தப்பான இணைப்பும்தான் காரணம். 2003-இல் ஹாங்காங்கின் ஆமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் சார்ஸ் என்ற நுரையீரல் நோய் தொற்றியது. விசாரித்தபோது தெரிந்த முக்கியக் காரணங்களில் ஒன்று, பாத்ரூம் தரையில் இருந்த ட்ராப்களில், அதாவது தண்ணீர் தேங்கி நிற்கும் குழாய் வளைவுகளில், தண்ணீர் வற்றிப்போயிருந்தது. ட்ராப்பில் நிற்கும் தண்ணீர் ஒன்றரை, இரண்டு அங்குலம்தான். கழிவுக் குழாயின் காற்றுக்கும் வீட்டுக்குள் தூங்குகிறவருக்கும் நடுவில் அது மட்டும்தான் தடுப்பு. கழிவுக் குழாய்க்குக் காற்று விடும் வென்ட் பைப்பை ஒழுங்காக ஏற்றவில்லை என்றால், மேலே ஒருவர் ஃப்ளஷ் செய்யும் ஒவ்வொரு தடவையும் கீழ்வீட்டு ட்ராப்பில் இருந்து அந்தத் தண்ணீர் உறிஞ்சப்படும். ‘களக்’ என்று ஒரு சத்தம் வரும். வேலை தெரிந்தவன் அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே மொட்டைமாடிக்கு ஏறி வென்ட்டைப் பார்ப்பான். இந்தச் சத்தத்தை உங்கள் கேள்வித்தாள் எப்படிக் கேட்கும்?

அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், செய்முறைத் தேர்வு வையுங்கள். தப்புத் தப்பாக இணைத்த ஒரு கீசரை முன்னால் வைத்து எது தப்பு என்று கேளுங்கள். சுடுதண்ணீருக்குப் போடும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்புக்கு எந்த சால்வன்ட் பசை, ஒட்டிய பிறகு எவ்வளவு நேரம் தண்ணீர் விடக் கூடாது என்று செய்துகாட்டச் சொல்லுங்கள். பூட்டி முடித்த லைனைப் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். எழுத்துத் தேர்வும் இருக்கட்டும், அதையும் எழுதுகிறேன்.

இப்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உரிமம் ஒருவர் பெயரில், வேலை வேறு ஒருவர் கையில். வேலை நடந்த இடத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு அதற்குப் பணம் வாங்குகிறார்கள். நானும் இந்த இரண்டு வருடமாக அப்படித்தான் பிழைக்கிறேன் என்பதை மறைக்கவில்லை. நான் பூட்டிய லைனுக்கு, அந்த வீட்டு வாசலையே மிதிக்காத ஒருவர் பொறுப்பேற்கிறார். நாளைக்கு ஏதாவது ஆனால் அந்த வீட்டுக்காரர் யாரைத் தேடிப் போவார்? யாருடைய பாதுகாப்புக்காக இந்த விதியைப் போட்டீர்களோ, அவருக்கே அதில் பாதுகாப்பு இல்லை.

ஜெர்மனி பயிற்சியில் கறாரான நாடு. அங்கே இந்தத் தொழிலுக்கு மூன்றரை வருடப் பயிற்சி, அந்தக் காலத்துக்குச் சம்பளமும் உண்டு. அவர்களே, பயிற்சிக் காலத்தைப் போல ஒன்றரை மடங்கு காலம் தொழில் பார்த்ததை நிரூபித்தால் நேராக இறுதித் தேர்வுக்கு வரலாம் என்று சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஐந்தேகால் வருடம். என்னிடம் 27 வருடம் இருக்கிறது. நான் வேலை பார்த்த வீட்டுக்காரர்களும் கட்டட இன்ஜினியர்களும் கொடுத்த கடிதங்கள் இருக்கின்றன, சாமான் வாங்கிய பழைய பில்கள்கூட ஒரு பை நிறைய இருக்கின்றன. மூன்று தடவையும் அவற்றை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. கட்டிய நூல் கட்டியபடியே திரும்பி வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி வகுப்பைப் பகலில் வைக்கிறீர்கள். கூலி வேலை பார்க்கிறவன் பகலில் வகுப்பில் உட்கார்ந்தால் அன்றைக்கு அவன் வீட்டில் வருமானம் இல்லை. கட்டணம் வேறு கட்ட வேண்டும். உட்கார முடிந்தவன் மட்டும் உரிமம் வாங்குகிறான், முடியாதவன் கடைசிவரை கையாளாகவே இருக்கிறான். மாலை வகுப்பு வைக்க என்ன தடை? இதை எத்தனையோ பேர் எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது. பதில் எழுதக்கூட உங்களில் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லையா?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. அனுபவம் உள்ளவர்களுக்குச் செய்முறைத் தேர்வு வைக்க அடுத்த கூட்டத்திலேயே முடிவெடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தேதியும் இடமும் சொன்னால் போதும், சாமான் பையோடு வந்துவிடுகிறேன்.

விண்ணப்பத்தை நான்காவது தடவையாக இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பயிற்சி அளித்தவர் கையொப்பம் என்ற கட்டத்தில் அவர் பெயரையும் அவர் இறந்த தேதியையும் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
27 வருடமாக பைப் வேலை பார்க்கும் ஒருவன்